பண்டமாற்றுச் சின்னங்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியிலுள்ள பிளாரிடா மாகாணத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அணித்தாக, வால்ட் டிஸ்னி உலகம் என்னும் பெயரால் ஒரு பெரிய விநோதப் பூங்கா உளது. 1971-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ம் தேதி திறக்கப்பெற்ற இஃது, இன்று நான்கு தனிப் பூங்காக்களையும் பல விடுதிகளையும் தன்னகத்தே கொண்டு, ஏறக்குறைய 40 சதுர மைல் பரப்பில் விரிந்து கிடக்கின்றது. கலிபோர்னியாவில் 1955-ம் ஆண்டு தொடங்கிய டிஸ்னிலாந்து இதற்கு மூத்தது. இவ்விடங்களுக்குக் குடும்பத்தோடு விடுமுறைப் பிரயாணம் சென்றோர், அங்குக் கண்ட காட்சிகளையும் ஏறிய வண்டிகளையும் குறித்து எழுதியவை பல. யாம் எழுதப் புகுவது அவற்றைப் பற்றியன்று. ஐந்து வயதுக் குழந்தையும் அறுபது வயதுப் பாட்டனும் ஒருங்கே ஈடுபடும் ஒரு சிறு வியாபாரத்தைப் பற்றியே. பணமின்றி நடக்கும் வியாபாரம் அது. ஆதலின் பொருளாதார வகுப்பில் கண்ணயரும் மாணவ நண்பர்க்கும் சிறிது பயன்படலாம்.

அவ்வியாபாரத்தின் சரக்கு, சட்டையிற் குத்திக்கொள்ளும் சிறியதோர் உலோகச் சின்னம். ஆங்கிலத்தில் அதனைப் 'பின்' என்பர். தமிழில் அவ்வாறே எழுதினால், "பின் வாங்கினான்" என்ற இடத்தில் அவன் கடையிற் பொருள் வாங்கினானோ, அஞ்சிப் பின்வாங்கினானோ என்ற ஐயம் பிறக்கும். ஆகவே இக்கட்டுரையிற் 'சின்னம்' என்றே வழங்குவோம்.

சின்னம் செய்யும் விதம் பார்வைக்குத் தோன்றுவதினும் நுட்பமானது. எஃகு அச்சினால் உலோகத் தகட்டில் உருவத்தை அழுத்துவர். அழுத்திய தகட்டில் சித்திரத்தின் கோடுகள் வரப்புப் போல் உயர்ந்தும், இடைப்பட்ட பகுதிகள் பாத்தி போல் தாழ்ந்தும் நிற்கும். ஓரத்தை வெட்டி, முலாம் பூசி, பாத்திகளில் எனாமல் வர்ணத்தை நிரப்பிச் சூட்டில் இறுகச் செய்வர். சிலவற்றில் வர்ணத்தை வரப்பின் மட்டத்திற்கு மெருகிட்டுச் சமப்படுத்துவர். சிலவற்றில் தாழ்ந்தபடியே விட்டுவிடுவர். பின்புறத்தில் ஒரு முள்ளும், அம்முள்ளைக் கவ்வும் ரப்பர் மூடியும் இருக்கும். டிஸ்னிச் சின்னங்களின் மூடி மிக்கி எலியின் தலை வடிவினது. பூங்காக் கடைகளில் இத்தகைய சின்னம் ஒன்று இந்நாளிற் சுமார் 10 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அரிது. அதனினும் மிக்க விலையுடையவை பல. இவ்விலையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் அது பெருந்தொல்லை செய்யப்போகின்றது.

பிரயாணம் போனவன் ஒரு சின்னத்தை அணிந்து திரும்புதல் பழைய வழக்கமே. இடைக்கால ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுச் சந்தியாகு நகருக்கு யாத்திரை சென்றோர் கிளிஞ்சலையும், இங்கிலாந்தில் காண்டர்பரி சென்றோர் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்த்த சிறு சின்னங்களையும் அணிந்து மீண்டனர். தேம்ஸ் நதியின் சேற்றிலிருந்து இவை பல அகப்பட்டுள்ளன. ஆனால் யாத்திரிகன் தன் சின்னத்தைப் பிறனுடையதற்கு மாற்றிக்கொள்ளுதல் பொருந்தாது. அது 'யான் அங்குச் சென்றேன்' என்பதற்குச் சாட்சியன்றோ? சாட்சியை மாற்றிக்கொள்வார் உண்டோ?

மாற்றும் வழக்கம் பிறந்தது ஒலிம்பிக் பந்தயங்களில். 1896-ம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதற் பந்தயத்தில், போட்டியாளரையும் அதிகாரிகளையும் பிரித்தறியும் பொருட்டு அட்டை வட்டங்களை அணிவித்தனர். நாளடைவில் பல நாட்டு வீரர்கள் தத்தம் சின்னங்களை நட்பின் அடையாளமாக ஒருவரோடொருவர் மாற்றிக்கொண்டனர். 1980-ம் ஆண்டு லேக் பிளாசிடிலும், 1984-ம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸிலும் இவ்வழக்கம் வீரரை விட்டுப் பார்வையாளரிடத்தும் பரவிற்று. 1988-ம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரிற் கோக்ககோலா கம்பெனியார் இதற்கென்றே ஒரு கூடம் அமைத்தனர். டிஸ்னி கம்பெனியார் இதனையெல்லாம் கவனித்திருந்து, 1999-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், புதிய ஆயிரமாண்டுக் கொண்டாட்டத்தின் ஒரு பகுதியாகப் பிளாரிடாவிற் சின்ன மாற்றைத் தொடங்கினர். அடுத்த ஆண்டிற் கலிபோர்னியாவிலும் அது தொடங்கிற்று. கொண்டாட்டம் முடிந்தது, மாற்று முடியவில்லை.

இனி, மாற்று நடக்கும் முறையைக் கூறுவோம். பூங்காச் சிப்பந்திகளுட் பலர், பல சின்னங்கள் குத்திய நாடாவொன்றைக் கழுத்தில் அணிந்திருப்பர். (கம்பெனியார் அவர்களைச் சிப்பந்தி என்னார், நாடகத்தில் வேடம் புனைவோர் என்று பொருள்படும் சொல்லாலேயே அழைப்பர். குப்பை பெருக்குபவரும் அவ்வகையில் நடிகரே.) அச்சின்னங்கள் அவர்தம் சொந்தப் பொருளல்ல, மாற்றுவதற்கென்று கம்பெனியார் கொடுத்தவை. வருகின்ற விருந்தினர் எவரும், தம்மிடமுள்ள சின்னம் ஒன்றைக் கொடுத்து, நாடாவிலுள்ள ஒன்றைப் பெறலாம். ஒன்றுக்கு ஒன்று, ஒரு சிப்பந்தியிடம் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் இல்லை. கொடுக்கும் சின்னம் உலோகத்தால் ஆனதாயும், பின்புறத்திற் கம்பெனியாரின் உரிமைக் குறி பொறித்ததாயும், அச்சிப்பந்தியின் நாடாவில் முன்னரே இல்லாததாயும் இருத்தல் வேண்டும். பிறர் நாடாவைத் தொடுதல் கூடாது. வேண்டியதைச் சுட்டிக் கேட்டல் வேண்டும். முள்ளின் மூடியோடு கைக்குக் கை கொடுத்தல் வேண்டும். இம்மாற்றிற் பணம் இடையே வருதல் ஆகாது.

இவ்விதிகளுள் இன்னொன்று மறைந்து கிடக்கின்றது. எம் கருத்தில் அதுவே தலையாயது. மேற்கூறிய தகுதிகள் உடைய சின்னத்தைச் சிப்பந்தி மறுத்தல் இல்லை. "எனக்கு இது வேண்டா, வேறு கொண்டுவா" என்று அவர் சொல்லார்.

இதன் அருமையை அறியப் பண்டமாற்றின் தொல்லையை நினைத்தல் வேண்டும். வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளாதார அறிஞர், நாணயத்தைப் பற்றி 1875-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனைத் தெளிவாக விளக்கியுள்ளார். எம்மிடம் நெல் உளது, வேண்டுவது உப்பு. உப்புடையானுக்கு நெல் வேண்டாதாயின், எம் நெல்லாற் பயனில்லை. அவனுக்கு வேண்டியது எம்மிடமும், எமக்கு வேண்டியது அவனிடமும் ஒருங்கே இருந்தாலன்றிப் பண்டமாற்று நடவாது. இவ்விரட்டைப் பொருத்தம் அரிதாதலினாலேயே மக்கள் நாணயத்தைக் கண்டனர். பூங்காவிலோ இத்தொல்லை ஒரு பக்கத்தில் அறவே நீக்கப்பட்டது. சிப்பந்திக்கு விருப்பம் என்பதே கிடையாது. குழந்தைக்கு மட்டுமே விருப்பம் உண்டு. ஆகவே குழந்தையின் கையிலுள்ள எச்சின்னமும் செல்லுபடியாகும் நாணயமாகிவிடுகின்றது. பண்டமாற்று என்று பெயர் கொண்டு நடப்பினும், உண்மையில் இஃது ஒருவகைச் செலாவணியே.

இதன் பயனைக் குழந்தையின் நிலையிலிருந்து நோக்குதல் நன்று. பூங்காவில் மற்றெல்லாவற்றையும் தந்தையின் பணப்பையே தீர்மானிக்கின்றது: எதை உண்பது, எந்தப் பொம்மையை வாங்குவது, எத்துணை நாள் தங்குவது என்பன யாவும். குழந்தை கேட்கலாம்; கொடுப்பதும் மறுப்பதும் பெரியோர் கையில். சின்ன மாற்றிலோ, கழுத்தில் நாடா அணிந்த ஆறு வயதுச் சிறுமி, தானறியாத பெரியவர் ஒருவர் முன் தானே சென்று நின்று, தன் சொத்தை எடுத்து நீட்டி, தனக்கு வேண்டியதைச் சுட்டுகின்றாள். அவர் குனிந்து நாடாவைக் காட்டக் கடமைப்பட்டவர். விலை பேசுதல் இல்லை, ஏமாற்றுதல் இல்லை, மறுப்பு இல்லை. வீட்டில் விருந்தினர் முன் வாய் திறவாக் குழந்தைகளும் இரண்டாம் நாளில் தாமே சென்று பேசத் தொடங்குதல் இயல்பு. சிறுவரோடு மட்டுமே மாற்றும் சிப்பந்திகளுக்குப் பச்சை நிற நாடா கொடுக்கும் ஏற்பாடும் ஏற்பட்டது. பெரியோர் முந்திக்கொண்டு நல்லனவற்றைப் பெற்றுப் போகாதிருத்தற்பொருட்டு அது செய்யப்பட்டது போலும். பெரியோரை அறிந்தே செய்த ஏற்பாடு என்க.

ஏனெனில் பெரியோரை ஈர்க்கும் பொருளும் அந்நாடாக்களில் உண்டு. 2002-ம் ஆண்டிலிருந்து, கடையில் விற்கப்படாது சிப்பந்திகளின் நாடாக்களில் மட்டுமே கிடைக்கும் சின்ன வரிசைகளைக் கம்பெனியார் வெளியிடலாயினர். அவற்றின் சித்திரத்தில் எங்கேனும் ஒரு மூலையில், ஒரு பெரிய வட்டமும் இரண்டு சிறிய வட்டங்களும் சேர்ந்த மிக்கியின் தலைக்குறி ஒளிந்திருக்கும்; அதனால் அவற்றிற்கு 'மறைந்த மிக்கி' எனப் பெயர் வந்தது. பணத்தால் வாங்க இயலாத பொருளுக்கு மக்கள் பணம் கொடுக்க முன்வருதல் உலக இயற்கை. ஒரு வரிசையில் நான்கைப் பெற்று ஐந்தாவதைத் தேடி வாடும் சேகரிப்போருக்கென்று, பூங்காவிற்கு வெளியே, இணைய வழியிற் சந்தை ஒன்று தோன்றிற்று. அச்சந்தையின் நிழலிலேயே போலிகளும் தோன்றின.

போலிச் சின்னங்கள் பிறக்கும் வழிகள் சேகரிப்போரிடையே பலவாறு பேசப்படுகின்றன. சின்னங்களை வார்க்கும் தொழிற்சாலைகள் சீன நாட்டில் இருப்பன. கம்பெனியார் கேட்ட தொகையைச் செய்து முடித்த பின்னும் அதே அச்சைக்கொண்டு மேலும் அடித்தல் ஒன்று. குறையுடையன என்று கழித்தவற்றை அழியாது வெளியே விடுதல் ஒன்று. நல்ல சின்னத்தைப் பார்த்துப் புதிதாய் அச்சு வெட்டுதல் ஒன்று. எவ்வாறாயினும், ஐம்பது நூறாகக் கட்டி, ஒன்று ஒரு டாலருக்கும் குறைந்த விலைக்கு, "பூங்காவில் மாற்றத்தக்கவை" என்ற உறுதிமொழியோடு அவை இணையத்தில் விற்கப்படுகின்றன. அவ்வுறுதிமொழி பொய்யன்று என்பதே இதில் வேடிக்கை. அவற்றின் பின்புறத்திலும் உரிமைக் குறி உண்டு. சிப்பந்தி அவற்றை மறுப்பதில்லை. ஐயம் தோன்றினும், குழந்தையின் முகத்துக்கு நேரே "இது போலி" என்று சொல்ல எவர்க்கு மனம் வரும்?

இவ்விடத்திற் பொருளாதார மாணவர்க்கு மற்றொரு பெயர் நினைவுக்கு வரவேண்டும். எலிசபெத்து அரசியின் காலத்தில் வாழ்ந்த சர் தாமஸ் கிரெஷாம் என்னும் வணிகரின் பெயரால், 1858-ம் ஆண்டில் மக்லியோட் என்னும் அறிஞர் பெயரிட்ட விதி ஒன்று உளது: தீய நாணயம் நல்ல நாணயத்தை ஓட்டிவிடும் என்பது. நிறை குறைந்த நாணயமும் நிறைவுடைய நாணயமும் சட்டத்தால் ஒரே மதிப்புக்குச் செல்லுமாயின், மக்கள் நல்லதைப் பெட்டியிற் பூட்டிவிட்டுத் தீயதையே கடையிற் கொடுப்பர். சிறிது காலத்தில் சந்தையிற் புழங்குவன யாவும் தீயனவாகும். இவ்விதிக்கு இதனினும் சிறந்த உதாரணத்தைப் பாட நூல்களில் யாம் கண்டதில்லை. 10 டாலர் கொடுத்து வாங்கிய நற்சின்னமும், அரை டாலருக்கு வந்த போலியும் நாடாவின் முன் ஒரே மதிப்புடையன. எதனைக் கொடுப்பான் மனிதன்? ஆகவே நாடாக்களிற் போலி பெருகிற்று. 'மறைந்த மிக்கி' வரிசைகளே போலி செய்வோர் மிகுதியும் விரும்பியவை என்பது சேகரிப்போர் பலரின் முறையீடு.

"போலியாயினும் என்ன? குழந்தைக்கு மகிழ்ச்சி ஒன்றே" என்பார் உளர். அவர் கூற்றில் ஒரு பாதி உண்மையே. சிறுவர் பலர்க்குத் தாம் விரும்பும் யானைக்குட்டியின் உருவம் கிடைத்தாற் போதும். ஆயினும், பல வாரம் சேர்த்த கைச்செலவுப் பணத்தால் ஒரு நற்சின்னத்தை வாங்கி, அதனைக் கொடுத்துப் போலியைப் பெற்றுச் செல்லும் சிறுவன் உளன். பன்னிரண்டு வயதில் அவன் தன் சேகரத்தை ஒருவரிடம் காட்டி, பாதிக்கு மேல் மதிப்பற்றவை என்று கேட்கும் நாளில் நேரும் இழப்பை அரை டாலருக்கு வாங்கியவர் கணக்கில் எழுதுவதில்லை.

அப்படியாயின் சிப்பந்திகள் ஒவ்வொன்றையும் சோதித்து வாங்கலாகாதோ எனின், ஆகாது. சோதனை என்று தொடங்கினால் மறுப்பு வரும்; மறுப்பு வந்தால், அறியாது போலியைக் கொண்டுவந்த குழந்தை பலர் முன்னிலையிற் குற்றவாளியாய் நிற்க நேரும். யாவரும் அஞ்சாது அணுகக்கூடிய வியாபாரமாய் இதனை ஆக்கியது மறுப்பின்மை. போலிக்குக் கதவு திறந்ததும் அதுவே. ஒன்றை விட்டு ஒன்றைப் பெற வழியில்லை. ஆகவே காவல் முழுதும் சின்னம் வாங்கும் பெற்றோர் கையில் விழுகின்றது.

போலியை அறியும் அடையாளங்கள் சில உள. கையிலெடுத்தால் நொய்ம்மையாய் இருத்தல், ஓரம் சொரசொரத்து விரலை உறுத்தல், வர்ணம் வரப்பைத் தாண்டி வழிதல் அல்லது புள்ளி புள்ளியாய்க் குழிதல், முகத்தின் நிறம் மூலத்தினின்று மாறுதல் முதலியன. பின்புறம் முழுதும் மிக்கித் தலைகளைச் சிறு கட்டங்களாகப் பொறித்திருக்கும் சின்னங்களில், அப்பொறிப்பு ஓரம்வரை ஓடி வெட்டுப்பட்டு நிற்றல் நன்று. ஓரத்தைச் சுற்றி ஒரு விளிம்பு விட்டு உள்ளே அடங்கியிருப்பின் ஐயுறுதல் வேண்டும். இவற்றுள் எதுவும் தனித்து முடிவு கூறாது. நற்சின்னத்திலும் வர்ணம் தாழ்ந்திருப்பது உண்டு என முன்னரே சொன்னோம். விலையே எல்லாவற்றினும் தெளிவான அடையாளம். கடையிற் பத்து டாலர் பெறும் பொருளை ஒருவன் அரை டாலருக்கு நூற்றுக்கணக்கில் விற்பானாயின், அவன் தருமவான் அல்லன்.

ஆயினும் நான்கு பேர் கொண்ட குடும்பம் பத்து டாலர் வீதம் எத்தனை வாங்க இயலும் என்று கேட்பர். இக்கேள்வியிற் பெற்றோர் பலர் ஒரு கணக்கை மறந்துவிடுகின்றனர். சின்ன மாற்றில் முதல் குறைவதில்லை. ஐந்து சின்னத்தோடு புறப்பட்ட குழந்தை, ஒரு வாரத்தில் நாற்பது முறை மாற்றினும், திரும்பும்போது அதன் கையில் ஐந்து சின்னம் இருக்கும். மாற்றும் இன்பத்திற்கு ஐந்தே போதும். ஐம்பது வேண்டியது ஐம்பதையும் வீட்டிற்குக் கொண்டுசெல்ல விரும்புவோர்க்கே. அன்றியும், ஐந்தே உடைய குழந்தைதான் ஒவ்வொரு முறையும் நின்று எண்ணும். நேற்று ஆசையோடு பெற்ற கப்பலை விட்டு இன்று இந்தக் கரடியைப் பெறலாமா, வேண்டாவா? வாத்தைக் கொடுத்தால் தங்கை அழுவாளா? பை நிறையப் போலி உடைய குழந்தைக்கு இக்கவலை இல்லை. கையில் அகப்பட்டதை நீட்டி எதிரிலிருப்பதை வாங்கிச் செல்லும். இரண்டாம் நாளே அதற்கு இவ்விளையாட்டு அலுத்துப்போதல் வியப்பன்று. கடையில் நாடாவோடு நாலைந்து சின்னங்களைச் சேர்த்து ஒரு கட்டாக விற்பதும் உண்டு. தொடங்குவோர்க்கு அது தக்கது.

சிப்பந்திகளோடன்றி விருந்தினர் தம்முள் மாற்றிக்கொள்ளுதலும் உண்டு. பல சின்னங்களைப் பையில் ஏடு ஏடாக அடுக்கிக் கொண்டுவந்து மாற்றும் பெரியோரும் உளர். அவருட் பெரும்பாலோர் அன்புடையவரே. சிறுவர் கேட்டதைக் கொடுத்து மகிழ்வோரும் உளர். ஆனால் ஒரு சிலர், குழந்தையின் நாடாவிலுள்ள அரிய சின்னத்தைக் கண்டு, பளபளக்கும் சாதாரணச் சின்னம் ஒன்றைக் காட்டி மயக்கி அதனைப் பெற்றுவிடுவர். இவர்களைச் சேகரிப்போர் 'சுறா' என்று வழங்குகின்றனர். சிப்பந்தியிடத்து ஒன்றுக்கு ஒன்று என்ற விதி காக்கின்றது. இங்கு அவ்விதி இல்லை. ஆகவே இத்தகையோரின் பக்கம் செல்லும்போது பெற்றோரில் ஒருவர் உடன் நிற்றல் வேண்டும். நின்றாற் போதும், பேச வேண்டியதில்லை; சுறா ஆழமில்லாத நீருக்கு வருவதில்லை.

சின்னம் பெருவாரியாய்த் தொலைவது சுறாவினால் அன்று, ரப்பர் மூடியினால். ஓடும் வண்டியில் ஏறி இறங்குகையில் மூடி கழன்றுவிடும்; சின்னம் எங்கு விழுந்ததென்று இரவில் விடுதி சேர்ந்த பின்னரே தெரியும். சிறு திருகாணியால் முள்ளை இறுக்கும் உலோகப் பூட்டு மூடிகள் விற்கின்றன. மாற்ற விரும்பாத சின்னங்களுக்கு இவற்றை இட்டு, நாடாவை விட்டுத் தொப்பியிலோ பையின் உட்புறத்திலோ குத்திவைத்தல் நன்று. நாடாவில் தொங்குவதைக் கண்டு வேறொரு குழந்தை வந்து கேட்குமாயின், சிப்பந்தியைப் போல் இசைய வேண்டிய கடமை விருந்தினர்க்கு இல்லை. "இதை மாற்றுவதில்லை" என்று சொல்லலாம். அதனைச் சிரித்த முகத்தோடு சொல்லப் பிள்ளைகளைப் புறப்படுமுன்னரே பழக்கி அழைத்துச் செல்வது பெற்றோர்க்கு எளிது.